நீலகண்ட சாஸ்திரி, கே. ஏ. (1892–1975)

இடைக்காலத் தென்னிந்திய வரலாற்றை, குறிப்பாகச் சோழர் வரலாற்றை, கோவையாக எழுதியவர். பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. முதுகலை படித்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். திருநெல்வேலி, காசி, சிதம்பரம் ஆகிய ஊர்களில் பணியாற்றியபின், 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். 1957இல் பத்மபூஷண் பெற்றார்.

பாண்டியர் பற்றிய நூல் 1929இலும், 'சோழர்கள்' இரு தொகுதிகளாக 1935, 1937இலும் ஆங்கிலத்தில் வந்தன. அவருக்குக் கல்வெட்டே முதல் சாட்சி. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலத்தை எடுத்துக்கொள்ளலாம். நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்று அது. அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் வீரராசேந்திரன் முதலிய சோழர்களின் மெய்க்கீர்த்திகள் உள்ளன. புகழுரையும் போர்ச்செய்தியும் கலந்துகிடக்கும் இத்தகைய வரிகளை, எதிரித் தரப்பான சாளுக்கியர் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுச் சலித்தெடுத்ததே அவர் உழைப்பு.

குறைகளும் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு ஆய்வாளர் வையாபுரிப்பிள்ளையையே பெரிதும் சார்ந்திருந்தார்; வடமொழிச் சாய்வு என்று தமிழறிஞர்கள் சாடினர். சோழருடையது வலுவான மைய அரசு என அவர் வரைந்த சித்திரத்தை 1980இல் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் மறுத்தார். ஆயினும் மறுக்க வந்தவர்களும் அவர் நூலைத் திறந்துவைத்துக்கொண்டே எழுத வேண்டியிருந்தது.