இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு எந்த நிறம்?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. சிக்னலில் இருந்து புறப்பட்ட என்னை இடப்புறமாக நெருங்கிக் கடக்க முயன்ற இளைஞர் ஒருவர், என் ஸ்கூட்டரின் பக்கச் சக்கரத்தில் மோதிச் சரிந்தார். நல்லவேளையாக, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து நின்றவர் சொன்னார்: “சாதா வண்டின்னு நினைச்சேன் சார், பக்கத்துல சக்கரம் இருக்கிறதே தெரியலை.”

அவர் சொன்னது பொய்யல்ல. இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் செயலிழந்தவன் நான். சந்தையில் கிடைக்கும் ஸ்கூட்டரை வாங்கி, பின்சக்கரத்தின் இருபுறமும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்தி ஓட்டுகிறேன். முன்புறத்தில் சுமார் 70 சென்டிமீட்டர் அகலம் உள்ள என் வண்டி, பின்புறத்தில் 110 சென்டிமீட்டர். வண்டியின் நிறம் அடர்சிவப்பு. அகலத்தைக் கூட்டும் சக்கரங்கள், சட்டம், மட்கார்டு அனைத்தும் கறுப்பு. தார்ச்சாலையின் மேல், மங்கும் வெளிச்சத்தில், அந்த 40 சென்டிமீட்டர் மற்றவர் கண்ணுக்கு இல்லாமலே போய்விடுகிறது.

நெளிந்த மட்கார்டைச் சரிசெய்யப் பட்டறைக்குப் போனபோது, வண்டி முழுவதற்குமே வண்ணம் பூசிவிடலாம் என்று முடிவாயிற்று. பெயின்டர் வண்ண அட்டையை நீட்டி, “என்ன கலர் சார்?” என்றார். அந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சட்டம் சொல்வது

முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறையின் வாகனங்களுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. மற்ற நிறங்களைப் பூசலாம். ஆனால், பதிவுச் சான்றில் நிறமும் ஒரு விவரம். அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, சான்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். சான்றில் சிவப்பு என்றும் சாலையில் நீலம் என்றும் இருந்தால், வாகனச் சோதனையிலும் காப்பீட்டு இழப்பீடு கோரும்போதும் வீண் சிக்கல் வரும்.

கண் சொல்வது

அடுத்தது கண். பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையை. பொழுது சாயச் சாய இந்த உச்சம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் செக் உடலியங்கியல் அறிஞர் புர்கிஞ்சே கவனித்துச் சொன்ன மாற்றம் இது. பகலில் பளிச்சென்று தெரிந்த செம்பருத்தி, அந்தியில் இலைகளைவிடக் கறுத்துத் தோன்றுவது இதனால்தான். என் அடர்சிவப்பு வண்டியும் விபத்து நடந்த நேரத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவே தெரிந்திருக்கும்.

அப்படியானால் வண்டி முழுவதற்கும் மஞ்சள் பூசிவிடலாமா? இங்கே ஓர் ஆய்வு என்னை நிறுத்தியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளிடம் நடத்தப்பட்டு, 2004இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான ஆய்வு அது. ஒளியை எதிரொளிக்கும் உடை அல்லது ஒளிரும் நிற உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்புத் தலைக்கவசத்தோடு ஒப்பிட்டால், வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. ஆனால், வண்டியின் முன்புற நிறத்துக்கும் ஆபத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அதாவது, நிறம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். என் வண்டியில் அந்த இடம், மற்றவர் எதிர்பாராத அந்த 40 சென்டிமீட்டர்.

பட்டறை சொல்வது

பெயின்டரின் அனுபவம் இன்னொரு பாடம். அகலமான வண்டி என்பதால் வாசல் தூணிலும் நடைபாதை விளிம்பிலும் அடிக்கடி உரசும். மின்னும் மெட்டாலிக் வண்ணத்தில் ஒரு கீறலை மட்டும் சரிசெய்தால் ஒட்டுப்போட்டது தனியே தெரியும். மினுக்கம் இல்லாத வண்ணம் என்றால் எளிதில் கலந்துவிடும். இரும்புக்கு ஒரு பிரைமர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வேறொரு பிரைமர். அதை விட்டுவிட்டால் சில மாதங்களில் வண்ணம் செதில் செதிலாக உரியும். ஒளிரும் நிற வண்ணங்கள் கவர்ச்சியானவை. ஆனால் நம் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் ஒட்டுப்பட்டையை மட்கார்டில் ஒட்டுவது அதைவிடச் சிக்கனமானது, இரவில் அதைவிடப் பயனுள்ளது.

யாருடைய நிறம்?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தயக்கம் எஞ்சியது. எச்சரிக்கைப் பலகையைப் போன்ற ஒரு வண்டியில் அமர்ந்து நான் ஊரைச் சுற்ற வேண்டுமா?

பிரிட்டனில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. அங்கே மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு வழங்கிய ‘இன்வாகார்’ என்னும் ஒற்றை இருக்கை மூன்று சக்கர வண்டிகள் வெளிர்நீலத்தில் வந்தன. அமைச்சகத்தின் நீலம் என்றே அந்த நிறம் பெயர் பெற்றது. வண்டி பலருக்கு விடுதலை தந்தது. நிறமோ, உள்ளே இருப்பவர் யார் என்பதைத் தெருமுனையிலேயே அறிவித்தது. 2003 மார்ச் 31ஆம் தேதியோடு அவை சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டிகளை ‘இன்வேலிட் கேரேஜ்’ என்றே குறித்தது. 2019இல் வந்த திருத்தம் அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ என்னும் பொருள்தரும் சொல்லைக் கொண்டுவந்தது. ஓட்டுபவரின் குறையைச் சுட்டிய பெயர் போய், வண்டியின் அமைப்பைச் சுட்டும் பெயர் வந்தது. நிறத்திலும் இந்த வேறுபாட்டைக் காண முடியும் என்று எனக்குப் பட்டது. சாலையில் செல்வோர் அறிய வேண்டியது வண்டியின் அகலத்தை. என் காலின் நிலையை அல்ல.

எனவே கேள்வியை இரண்டாகப் பிரித்தேன். வண்டியின் உடல் என்னுடையது. அதற்கு எனக்குப் பிடித்த மயில்நீலம். வெளிவிளிம்பு சாலையில் வரும் எல்லோருக்கும் பொதுவானது. அதனால் இரு மட்கார்டுகளுக்கும் எலுமிச்சை மஞ்சள், பின்புறம் சிவப்பு ஒட்டுப்பட்டை, பக்கவாட்டில் மஞ்சள் ஒட்டுப்பட்டை. என் தலைக்கவசம் இப்போது வெள்ளை.

இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களைத் தமிழக அரசு மாற்றுத் திறனாளிகளுக்கு வழங்கிவருகிறது. என்னைப் போல் சொந்தமாக வாங்கிப் பொருத்திக்கொள்வோரும் உண்டு. இவ்விரு தரப்புக்கும் பொதுவாக இரண்டு யோசனைகள். சக்கரம் பொருத்தும் இடத்திலேயே மட்கார்டுக்கு வெளிர்நிறமும் ஒட்டுப்பட்டையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கறுப்பு மட்கார்டோடு எந்த வண்டியும் சாலைக்கு வரக் கூடாது. வண்டியின் உடலுக்கோ, ஓட்டப்போகிறவரிடம் ஒரு வண்ண அட்டையை நீட்டிக் கேட்க வேண்டும். “என்ன கலர் சார்?” என்று பெயின்டர் கேட்டபோதுதான், என் வண்டியின் நிறத்தை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது எனக்கு உறைத்தது.