கொத்தமல்லி: முதலில் விதைத்தது யார்?

மளிகைக் கடைத் தனியாவை மொட்டைமாடித் தொட்டியில் இரண்டு முறை தூவினேன். இரண்டு முறையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து முளைத்ததோடு சரி. போனில் அம்மாவிடம் புலம்பினேன். "முழுசா போட்டா எப்படிடா வரும்? தரையில கொட்டி செருப்பால ரெண்டு தேய் தேய்ச்சு, ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு அப்புறம் விதை" என்றார். செய்தேன். ஒன்பதாம் நாள் தொட்டி முழுக்கப் பச்சை.

நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் காய்ந்த பழம். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதிகள், பாதிக்கு ஒரு விதை. தேய்த்தால் பிளக்கும், தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இதை யார் முதலில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று ஒரு கேள்வி வந்துவிட்டது. வந்தால் விடுவேனா? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிடைத்ததிலேயே மிகப் பழைய கொத்தமல்லி என்று சொல்லப்படுவது, சாக்கடல் பக்கம் நகல் ஹெமர் என்ற குகையில் எடுத்தது. மொத்தம் 15 பாதிகள். மட்பாண்டம் செய்யவே தெரியாத புதிய கற்காலத்து அடுக்கில் கிடைத்தவை. ஆனால் மேற்கு ஆசியாவில் கொத்தமல்லி களைபோலத் தானாகவும் முளைக்கும் செடி. பறித்து வந்தார்களா, பயிரிட்டார்களா என்று 15 பாதிகளை வைத்து என்ன சொல்ல முடியும்?

அடுத்து எகிப்து. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில் அரை லிட்டர் அளவுக்குத் தனியா இருந்தது. எகிப்தில் கொத்தமல்லி காட்டுச்செடியாக வளர்வதில்லை, ஆகவே அங்கே பயிரிட்டிருக்க வேண்டும் என்பது தாவரவியல் அறிஞர்களின் வாதம். படித்ததும் சரி என்றுதான் பட்டது. பிறகு யோசித்தால், ஏன், வெளியூரிலிருந்து மூட்டையில் வந்திருக்கக் கூடாதா? சமையலறையில் ஏலக்காய் இருப்பதால் நான் ஏலக்காய் தோட்டக்காரன் ஆகிவிடுவேனா என்ன! வாதம் வலுவானதுதான், ஆனால் கேஸை மூட இது போதாது.

மூன்றாவது சாட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனை கி.மு. 1200 வாக்கில் எரிந்தபோது, அங்கிருந்த களிமண் கணக்குப் பலகைகள் நெருப்பில் வெந்து கெட்டிப்பட்டுத் தப்பித்தன. பேக்கப் எடுக்காமலேயே பேக்கப் ஆன டேட்டா! அந்த லீனியர் பி எழுத்தை 1952இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழில்முறையில் அவர் பேராசிரியர் அல்ல, கட்டடக் கலைஞர். (என்னைப் போன்ற அரைகுறை ஆராய்ச்சியாளர்களுக்கு அவர்தான் குலசாமி.) பலகை ஒன்றில் வாசனைத் தைலம் காய்ச்சுகிறவருக்குக் கொடுத்த சரக்குப் பட்டியல் இருக்கிறது. கொத்தமல்லி, கோரை, ஒயின், தேன், கம்பளி. ஆக, அங்கே அது குழம்புக்கு மட்டுமல்ல, தைலத்துக்கும் போயிருக்கிறது. சரி, வயல்? இதிலும் இல்லை. இது ஸ்டோர் ரூம் கணக்கு.

விதைப்பு பற்றி நான் தேடிய விஷயம் கடைசியில் தியோபிராஸ்டஸிடம் கிடைத்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர், கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுக்காரர். தாவரங்களைப் பற்றிய தன் நூலின் ஏழாம் பகுதியில், தோட்டக் கீரைகளைப் பற்றிப் பேசும்போது, கொத்தமல்லி லேசில் முளைக்காது, புது விதையை நனைக்காமல் போட்டால் வரவே வராது என்கிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது கல்லறைப் பொருளோ கிடங்குக் கணக்கோ இல்லை. விதைத்து, ஏமாந்து, திரும்ப விதைத்த யாரோ ஒருவரின் அனுபவம். செருப்பு மட்டும்தான் மிஸ்ஸிங்.

நம்ம பக்கம்? பாணினியின் இலக்கணத்தில் 'குஸ்தும்புரு' என்ற சொல் வருகிறது, உரைகாரர்கள் அதைக் கொத்தமல்லி என்கிறார்கள். கன்னடத்தின் 'கொத்தம்பரி'யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒலி எவ்வளவு நெருக்கம்! யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் மொழியியலாளன் இல்லை. "பத்தாயிரம் வருஷமா நம்ம ஊர்ச் செடி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு மட்டும் எனக்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஒன்று நிச்சயம். இங்கே வந்த செடியை நம்மவர்கள் நம் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். ரஷ்யப் பக்கத்து வகையில் காய் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, எண்ணெய் அதிகம். இந்திய வகையில் காய் பெரிசு, எண்ணெய் குறைவு, சீக்கிரம் முற்றிவிடும். அவர்களுக்கு எண்ணெய் வடிக்க வேண்டும், நமக்கு அரைத்துக் குழம்பில் போட வேண்டும்.

சீக்கிரம் முற்றும் என்பதை என் தொட்டியே காட்டிவிட்டது. வெயில் ஏறியதும் இலை நூலாகி, வெள்ளைப் பூ வந்துவிட்டது. இந்த முறை பிடுங்காமல் விட்டிருக்கிறேன். இப்போது பச்சைக் காய். கிரேக்கப் பெயரை மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். நேற்று ஒரு காயை நசுக்கி மோந்து பார்த்தேன், சும்மா சொல்லவில்லை அவர்கள். காய் முற்றிக் காயும்போது அந்த வாடை போய்த் தனியா மணம் வரும். வந்ததும் எடுத்து வைத்து, மழைக்காலம் முடிந்தபிறகு விதைக்க வேண்டும். புது விதை, அதனால் கட்டாயம் ஊறவைத்துத்தான்.