அடுத்தவன் மண்ணில் நட்ட கம்பம்

மலையக வரலாறு எழுத உட்கார்ந்தால் எல்லோரும் சட்டத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1948 குடியுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையானது. எல்லாம் தேவைதான். ஆனா அதெல்லாம் இந்த மக்களுக்கு மத்தவங்க செஞ்சது. தங்களுக்காகத் தாங்களே செஞ்சது எதுன்னு தேடினால், நான் காமன் கூத்திலிருந்துதான் தொடங்குவேன்.

கதை தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன் மேல் மன்மதன் மலர்க்கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான், ரதி அழுகிறாள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த கதை. தஞ்சைப் பக்கம் இதை வைத்து ‘எரிந்த கட்சி, எரியாத கட்சி’ என்று விடிய விடிய லாவணி பாடிச் சண்டை போடுவார்கள். நம்ம ஆட்கள் விவாதத்தை விட அழுகையைத்தான் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ரதியின் ஒப்பாரி வரும்போது லயத்துப் பெண்கள் அழுவது கதைக்காக மட்டுமா?

மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் விரதம் இருப்பார்கள். பகலில் மலையில் வேலை, இரவில் ஒத்திகை. ரதி, மன்மதன், தூதன், நந்தி, வீரபத்திரர், எமன், குறவன் குறத்தி என்று வேஷம் ஆளுக்கு ஆள் பிரியும். ரதியும் ஆண்தான். தப்பும் உறுமியும் முன்னே போக, வேஷக்காரர்கள் லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். கடைசி இரவு மன்மதன் எரிவான், கம்பமும் எரியும். இதில் தனியாக ‘குழு’ என்று ஒன்று இல்லை. தோட்டம் முழுக்கக் குழுதான்.

இதில் என்னை நிறுத்துவது அந்தக் கம்பம். மண் கம்பனியுடையது. லயம் கம்பனியுடையது. பேர் வெட்டினால் அறையும் போச்சு. 1921 வரைக்கும் ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக்கூட மாற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில், வருஷா வருஷம் மண்ணைத் தோண்டி, ஒரு கம்பத்தை நட்டு, ‘இதுதான் எங்க எல்லை, இதுதான் எங்க சாமி’ என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. தோட்டத்தை அவர்கள் ஊராக மாற்றிக்கொண்ட செயல் அது. துரைக்கு அது வெறும் கூலியாட்களின் கொண்டாட்டமாகத் தெரிந்திருக்கலாம்.

தப்புக்கும் இரண்டு வாழ்க்கை. விடிகாலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு வரவைத்ததும் தப்புச் சத்தம்தான். ராத்திரி கூத்துக்கு நெருப்பில் காய்ச்சி எடுத்ததும் அதே தப்புதான். ஆனால் இதைப் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. ஊரில் ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலையாகவே அது கப்பலேறி வந்தது. சாமிக்கும் சாவுக்கும் அடிக்கக் கூப்பிட்டவர்களே, அடித்து முடித்ததும் அவர்களைத் தள்ளி நிறுத்தினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ‘இனி தொடமாட்டோம்’ என்று சொன்னால், கலை அழிகிறதே என்று கவலைப்படுவதற்கு முன்னால் அந்த நியாயத்தைக் கேட்க வேண்டும்.

1947 தேர்தலில் பதுளை உட்பட 7 இடங்களில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. அடுத்த வருஷமே குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாமாம்! தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ரதி வேஷக்காரரும் இருந்திருப்பார், கூத்து வாத்தியாரும் இருந்திருப்பார். பாட்டு ஏட்டில் இல்லை, ஆளின் வாயில் இருந்தது. ஆள் போனால் பாட்டும் போகும். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் புரியும்.

இப்போது கூத்து மேடைக்கு வருகிறது. கலை விழாவில் இருபது நிமிஷம், ஒரே நிற உடுப்பு, கடைசியில் கைதட்டல். உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. மெக்சிக்கோவில் 1952இல் அமாலியா ஹெர்னாண்டஸ் தொடங்கிய நடனக் குழு, அந்த நாட்டின் பல வட்டார ஆட்டங்களை மேடைக்கு ஏற்றமாதிரி மாற்றியமைத்து உலகமெல்லாம் கொண்டுபோனது. பெயரும் கிடைத்தது, ‘இது எங்க ஊர் ஆட்டமே இல்லை’ என்ற குறையும் கிடைத்தது. நான் மேடைக்கு எதிரியில்லை. தப்பை எல்லாப் பிள்ளைகளும் தொடுகிற இடமாக மேடை அமைந்தால் அதுவே பெரிய மாற்றம். ஆனா மேடையில கம்பம் நட முடியாதே.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அதற்குப் பிறகு தனி வீடு, 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு வேகமெடுத்தது. வரவேண்டியதுதான், இன்னும் கூடுதலாகவே வரவேண்டும். லயத்தைக் கலை என்று யாரும் கட்டிக்காக்கத் தேவையில்லை. ஆனால் லயத்துக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல் இருந்தது. புதிய வீட்டுத் திட்டத்துக்கு வரைபடம் போடும்போது பாதைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடம் விடுவார்கள். கம்பம் ஊன்ற ஒரு துண்டு நிலமும் ஊர்ப் பேரில் வேண்டும் என்று, காணி அளக்க வரும் அன்றைக்கே கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது, அந்தக் களத்தில் தப்புக்காரருக்கும் பந்தியில் இடம் உண்டா என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.