ஹைபிரிட் கார்: நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருள் சிக்கனம்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார் ஹைபிரிட் கார். அது மணிக்கு ஏறத்தாழ 80 முதல் 120 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது, அதைக் கூட்டுவது எப்படி என்பவை இக்கட்டுரையின் பொருள். நகர நெரிசலில் இவ்வகைக் காரின் சிக்கனம் பெரும்பாலும் பேட்டரியிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் அந்த ஆதாயம் சுருங்கிவிடும். அங்கே மைலேஜைத் தீர்மானிப்பவை காரின் உருவம், எஞ்சினின் வெப்பத் திறன், டயர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் வேகம்.

நகரமும் நெடுஞ்சாலையும்

சாதாரணக் காரில் பிரேக்கை மிதிக்கும்போது ஓட்ட ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிட் கார் அதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேமித்து, மறுபடி புறப்படும்போது பயன்படுத்துகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினையும் அணைத்துவிடுகிறது. சீரான வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் நிறுத்தமும் இல்லை, மீட்டெடுக்கப் பிரேக் ஆற்றலும் பெரிதாக இல்லை.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். அதன் மூன்றாம் தலைமுறைக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அளித்த மதிப்பீடு, கேலனுக்கு நகரில் 51 மைல், நெடுஞ்சாலையில் 48 மைல். லிட்டர் கணக்கில் இது சுமார் 21.7, 20.4 கி.மீ. ஆகும். சாதாரணக் கார்களில் நெடுஞ்சாலை எண்ணே பெரிதாக இருக்கும். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது.

1999இல் வந்த முதல் ஹோண்டா இன்சைட் இதற்கு மாறாக அமைந்தது. இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, அலுமினிய உடல் கொண்ட, பின்சக்கரங்கள் மூடப்பட்ட சிறிய கார் அது. காற்றுத் தடைக் கெழு 0.25. அதன் மின்மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டுமே. ஆயினும் அப்போதைய அமெரிக்க மதிப்பீட்டில் நகரில் 61 மைல், நெடுஞ்சாலையில் 70 மைல் பெற்றது. எடை குறைந்த, காற்றை எளிதில் விலக்கும் உடல் இருந்தால் சிறிய மின்மோட்டாருடனும் நெடுஞ்சாலையில் சாதிக்கலாம் என்பதற்கு இதுவே வலுவான சான்று.

வேகமும் தடையும்

ஓடும் காரை இரண்டு விசைகள் முதன்மையாக எதிர்க்கின்றன. டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை, வேகம் கூடினாலும் பெரிதாக மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது: வேகம் 80இலிருந்து 120 ஆனால் அது 2.25 மடங்காகிறது.

ப்ரியஸை ஒத்த ஒரு காருக்கு, ஆட்களுடன் எடை 1500 கிலோ, காற்றுத் தடைக் கெழு 0.25, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், உருளல் தடைக் கெழு 0.009 எனக் கொண்டால், சமதளச் சாலைக்கான கணக்கு இது:

| வேகம் (மணிக்கு) | காற்றுத் தடை | உருளல் தடை | தேவைப்படும் திறன் | 100 கி.மீ. செல்ல நேரம் |
|---|---|---|---|---|
| 80 கி.மீ. | 163 நியூட்டன் | 132 நியூட்டன் | 6.6 கிலோவாட் | 75 நிமிடம் |
| 100 கி.மீ. | 255 நியூட்டன் | 132 நியூட்டன் | 10.7 கிலோவாட் | 60 நிமிடம் |
| 120 கி.மீ. | 367 நியூட்டன் | 132 நியூட்டன் | 16.6 கிலோவாட் | 50 நிமிடம் |

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்பவர் 120க்கு மாறினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சக்கரத்தில் ஏறத்தாழ 29% கூடுதல் ஆற்றல் செலவாகும். அதற்கு ஈடாக 100 கி.மீ. பயணத்தில் மிச்சமாவது 10 நிமிடம்.

காற்றும் இக்கணக்கில் சேரும். 100 கி.மீ. வேகத்தில் செல்லும் காருக்கு 20 கி.மீ. வேக எதிர்க்காற்று அடித்தால், காற்றுத் தடை 120 கி.மீ. வேகத்துக்குரிய அளவை எட்டும். குளிர்ந்த காற்றின் அடர்த்தி அதிகம். 30 பாகை வெப்பத்தில் இருப்பதைவிட 0 பாகையில் தடை சுமார் 11% கூடும். ஒரே காரை ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டியும் இரு நாள்களில் இருவேறு மைலேஜ் கிடைப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

எஞ்சினும் கியர் அமைப்பும்

ப்ரியஸ் வகைக் கார்களில் அட்கின்சன் சுழற்சி எஞ்சின் உள்ளது. உள்ளிழுப்பு வால்வு தாமதமாக மூடுவதால், அழுத்தப்படும் காற்றின் அளவு குறைகிறது; எரிந்த வாயு விரியும் தூரம் நீள்கிறது. எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கு வேலையாக மாறும். உச்சத் திறன் மட்டும் குறையும். அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது. மூன்றாம் தலைமுறை எஞ்சினின் உச்ச வெப்பத் திறன் 38.5%, நான்காம் தலைமுறையில் அது 40% ஆனது. நெடுஞ்சாலையில் ஹைபிரிட் காருக்குக் கிடைக்கும் ஆதாயத்தில் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது.

எஞ்சின், ஜெனரேட்டர், சக்கரங்களுடன் இணைந்த மோட்டார் ஆகிய மூன்றையும் ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி பிணைக்கிறது. நடுவிலுள்ள சூரியச் சக்கரம் ஜெனரேட்டருடனும், கோள் தாங்கி எஞ்சினுடனும், வெளி வளையம் சக்கரங்களுடனும் சேர்கின்றன. சூரியச் சக்கரத்தில் 30 பற்கள், வளையத்தில் 78 பற்கள். எனவே எஞ்சினின் முறுக்குவிசையில் ஏறத்தாழ 72% நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. மீதி 28% ஜெனரேட்டருக்குப் போகிறது.

இவ்வமைப்பில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினால், காரின் வேகத்துக்கு ஏற்ப ஜெனரேட்டர் பின்னோக்கி வேகமாகச் சுழல நேரும். அது தாங்கும் எல்லைக்குள் இருக்க, இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் மணிக்குச் சுமார் 67 கி.மீ. வேகத்துக்கு மேல் எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் நிற்கும். எஞ்சின் மட்டும் சுழலும். அடுத்தடுத்த தலைமுறைகளில் இந்த வேக எல்லை உயர்ந்தது.

சீரான வேகத்தில், திறன் குறைவாகத் தேவைப்படும்போது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். ஜெனரேட்டரோ மோட்டாராக மாறிப் பின்னோக்கிச் சுழன்று எஞ்சினின் சுழற்சியை அடக்கி வைக்கும். எஞ்சின் குறைந்த சுழற்சியில், கூடிய சுமையில், அதாவது அதன் சிக்கனமான நிலையில் இயங்க இது உதவுகிறது. இப்படிச் சுற்றிவரும் மின்சாரத்தில் சிறிது இழப்பு உண்டு. ஹோண்டாவின் இ:ஹெச்இவி அமைப்பு வேறு வழியைப் பின்பற்றுகிறது: நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரங்களுடன் நேரடியாகப் பூட்டிவிடும்.

பேட்டரியின் வரம்பு

நெடுஞ்சாலையில் பேட்டரியில் மட்டும் ஓட்ட முயல்வது சிக்கனம் ஆகாது. வெளியிலிருந்து மின்னேற்றாத ஹைபிரிட்டில் உள்ள மின்சாரம் முழுவதும் பெட்ரோலிலிருந்து வந்ததே. மின்சாரமாக்குவதிலும், பேட்டரியில் சேர்த்து எடுப்பதிலும், மோட்டாரை ஓட்டுவதிலும் தலா 10% இழந்தால் மொத்தத்தில் 27% போய்விடும். எஞ்சின் சிக்கனமாக இயங்கும் வேகத்தில் அதன் வேலையை நேராகச் சக்கரத்துக்குக் கொடுப்பதே மேல்.

கொள்ளளவும் சிறியது. இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் பேட்டரி 1.3 கிலோவாட் மணி; அதன் ஆயுளைக் காக்க 40% முதல் 80% வரையிலான பகுதியே பயன்படுகிறது. 1500 கிலோ எடையுள்ள கார் 130 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றலே அந்த இடைவெளியை நிரப்பப் போதும். தடைகளைக் கழித்தால் இன்னும் சிறிது கூடுதலாக இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எனவே நீண்ட மலைச்சாலையில் இறங்கும்போது பேட்டரி விரைவில் நிரம்பி, மீட்பு நின்றுவிடும். அப்போது எஞ்சினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘பி’ நிலையைப் பயன்படுத்த வேண்டும். அது பிரேக் சூடேறாமல் காக்கும்.

ஓட்டும் முறை

முதலாவது, வேகத்தைக் குறைப்பது. 120ஐ 100 ஆக்குவது தரும் பலனை வேறு எந்த உத்தியும் எளிதில் எட்டாது.

இரண்டாவது, முன்கூட்டிப் பார்த்து ஓட்டுவது. தூரத்தில் சுங்கச்சாவடியோ வேகத்தடையோ தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டால், கார் ஓட்ட ஆற்றலிலேயே தூரத்தைக் கடக்கும். மீட்புப் பிரேக்கும் இழப்புக்கு உட்பட்டதே. பிரேக்கே போடாமல் செல்வது அதைவிடச் சிறந்தது.

மூன்றாவது, சீரான வேகம். சமதளத்தில் குரூஸ் கன்ட்ரோல் இதை நன்றாகச் செய்யும். ஏற்ற இறக்கமுள்ள சாலையில் அது வேகத்தைக் காக்க ஏற்றத்தில் எஞ்சினை முடுக்கிவிடும். பின்னால் வாகனம் நெருங்காதபோது, ஏற்றத்தில் சில கி.மீ. வேகம் குறைய விட்டு, இறக்கத்தில் அதைத் திரும்பப் பெறுவது சிக்கனமானது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஹைபிரிட்டில் தவறான பழக்கம். அந்நிலையில் பேட்டரி மின்னேறாது. காரின் மீதான கட்டுப்பாடும் குறையும். லாரியின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றுத் தடையைத் தவிர்ப்பதும் கூடாது. நெடுஞ்சாலை வேகத்தில் அந்த இடைவெளி பிரேக் பிடிக்கப் போதாது. உயிரைப் பணயம் வைத்துச் சேமிக்கத் தகுந்த பெட்ரோல் எதுவும் இல்லை.

காரின் பராமரிப்பும் சுமையும்

டயரில் காற்று குறைந்தால் உருளல் தடை கூடும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். சக்கர அளவும் பொருட்டானது. 2023 ப்ரியஸின் முன்சக்கர இயக்க வகைகளில், 17 அங்குலச் சக்கரம் கொண்ட அடிப்படை வகைக்குக் கேலனுக்கு 57 மைல்; 19 அங்குலச் சக்கரங்கள் கொண்ட உயர்வகைகளுக்கு 52 மைல்.

கூரையில் பெட்டி வைத்தால் காற்றுத் தடை கடுமையாக உயரும். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டுதல்களின்படி, மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வரையிலான வேகத்தில் இதனால் மைலேஜ் 10 முதல் 25% வரை குறையலாம். பொருள்களை டிக்கியில் வைப்பதும், தேவையில்லாதபோது கேரியரைக் கழற்றுவதும் எளிய தீர்வுகள்.

ஏசியைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையில் கண்ணாடிகளை இறக்கிக் காற்றுத் தடையைக் கூட்டுவதைவிட மிதமான ஏசி நல்லது. ப்ரியஸில் பின்னிருக்கை அருகே உள்ள பேட்டரிக் குளிர்விப்புத் துளையைப் பையோ துணியோ மறைக்கக் கூடாது. சூடேறும் பேட்டரியின் பயன்பாட்டைக் கட்டுப்பாட்டு அமைப்பே குறைத்துவிடும்.

அறிவிப்பு எண்களும் சாலை உண்மையும்

இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் அமெரிக்க மதிப்பீடு முதலில் நகரில் 60, நெடுஞ்சாலையில் 51 மைல். 2008 மாடல் ஆண்டிலிருந்து கூடிய வேகம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கும் சோதனை முறை வந்தபின் அது 48, 45 எனத் திருத்தப்பட்டது. கார் மாறவில்லை, அளவுகோல்தான் சாலைக்கு நெருங்கி வந்தது.

இந்தியாவில் 2022இல் அறிமுகமான ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவிக்கு லிட்டருக்கு 26.5 கி.மீ., மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைக்கு 27.97 கி.மீ. என அறிவிக்கப்பட்டது. இந்திய ஓட்டச் சுழற்சிச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. ஆகையால் நாற்கரச் சாலையில் 100க்கு மேல் ஓட்டுபவர் அந்த எண்ணை எதிர்பார்க்கலாகாது. காரை வாங்குபவர், தம் ஓட்டத்தில் நகரம் எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு என்று முதலில் கணக்கிட வேண்டும். ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் என்றால், பேட்டரியின் அளவைவிடத் தாழ்ந்த கூரையும், குறைந்த முகப்புப் பரப்பும், திறன்மிக்க எஞ்சினும் அவருக்குக் கூடுதல் பலன் தரும். வாங்கிய பிறகு, அந்தப் பலனைக் காப்பதும் இழப்பதும் பெரும்பாலும் அவருடைய வலக்காலைப் பொறுத்தது.