சாவடியும் சத்திரமும்

கடலூரினின்று விருத்தாசலஞ் செல்லும் பெருவழியில் உள்ளது குள்ளஞ்சாவடி. அவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்குஞ் சாவடி என்னுஞ் சொல், வழிச்செல்வார் தங்கும் இடத்தையும், ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் பொதுவிடத்தையும் ஒருங்கே உணர்த்துவது. வழிப்போக்கர் சாவடியிற் றங்கும் வழக்கம் ஒழிந்த இக்காலத்தும் வாக்குச்சாவடி, சுங்கச்சாவடி எனப் புதுத்தொழில் பூண்டு அச்சொல் வாழ்கின்றது. சொல்லுக்கு எளிதின் வாய்த்த இவ்வாழ்வு கட்டடங்கட்கு அங்ஙனம் வாய்ப்பதில்லை.

குள்ளஞ்சாவடி அமைந்த நடுநாட்டிலேயே இதற்கொரு பழஞ்சான்று உண்டு. திருநாவுக்கரசர் திருவருளால் சைவஞ் சார்ந்த காடவர்கோன், பாடலிபுத்திரத்துச் சமண் பள்ளிகளை இடித்து, அப்பொருள்கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழார் அடிகள் அருளினார். அவ்வரசனை முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றாசிரியர். ஈண்டுக் கல் நின்றது, கட்டடம் நின்றிலது. பிற்காலத்தும் அரசர் பலர் இவ்வழியே சென்றனர். திருமலை நாயக்கர் மதுரையில் எடுத்த அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோயினார் அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கர். எஞ்சிய பகுதியை 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுது பார்ப்பித்தார். அதன்பின் அங்கே நீதிமன்றம் நடைபெற்றது. வடிவு கெடாமற் றொழில் மாறுதல் என்பது இதுவே.

தஞ்சை மராட்டிய அரசர் நிறுவிய சத்திரங்களோ தொடக்கத்திலேயே பலதொழில் உடையனவாயிருந்தன. இரண்டாஞ் சரபோசி மன்னர் 1801இல் கும்பினியாரின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், அவற்றில் எல்லாச் சாதியார்க்கும் உணவளித்தலையும், நோயுற்றார்க்கு மருந்தும், தாய் தந்தையரற்ற பிள்ளைகட்குப் பாதுகாப்பும், கல்வியும் நல்குதலையும் விளக்கி, அவ்வறம் இடையறாது நடத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். நாடு தம் கையை விட்டு நீங்கிய காலத்து அவர் கவன்றது இவ்வறம் பற்றியே என்பது நினைக்கத்தக்கது. புகைவண்டி வந்தபின் நடைவழிப் பயணம் குன்றியது. சத்திரங்களின் தொழிலுங் குன்றியது. அம்மன்னர் ஒரத்தநாட்டில் எடுத்த முத்தாம்பாள் சத்திரம் பிற்றைநாளிற் பள்ளிப் பிள்ளைகட்கு இடமாயிற்று. சோறிட்ட கூடத்தே எழுத்தறிவித்தல் அதற்கு அயலான தொழிலன்று.

தஞ்சை அரண்மனையின் வரலாறு இன்னும் விரித்துரைக்கத்தக்கது. 1855இல் அரச மரபு ஆண்வழியற்று முடிவுற்றது. அரண்மனையகத்துச் சரசுவதி மகாலில் நாயக்கரும் மராட்டியருந் தொகுத்த ஏட்டுச்சுவடிகளும், சரபோசி மன்னர் காசி யாத்திரையிற் றேடிக் கொணர்ந்தனவும் இருந்தன. 1918இல் அது பொதுநூலகமாயிற்று. அரசர் ஒருவர்க்கு உரியவாயிருந்த சுவடிகள் கற்பார் யாவர்க்கும் உரியவாயின. பின்னர் 1951இல் அவ்வரண்மனையிற் கலைக்கூடம் ஏற்பட்டது. திருவெண்காட்டு மண்ணினின்று வெளிப்பட்ட, முதலாம் இராசராசன் காலத்து 1011ஆம் ஆண்டைச் சார்ந்த இடபவாகன தேவர் திருமேனி அங்கே எழுந்தருளியுள்ளது.

திருமேனியைக் காட்சிப்பொருளாக நிறுத்துதல் தகுமோ என்று சைவர் வினவுவர். வினா நேரியதே. அபிடேகமும் அருச்சனையும் பெறவேண்டிய திருவுரு, சீட்டுப் பெற்று நுழைவார் விழிக்கு விருந்தாக நிற்றல் ஆகமநெறியன்று. பூசையுங் காவலுமுள்ள கோயில் கிடைக்குமாயின் அங்கிருத்தலே முறை. ஆயினும், 1976இல் மண்ணினின்று வெளிப்பட்ட பத்தூர் நடராசப் பெருமான் களவாற் கடல் கடந்து, இலண்டன் நீதிமன்ற வழக்கின்பின் 1991இலேயே மீண்டருளினார் என்பதை எண்ணுவார்க்கு, காவலின் அருமை புலப்படும். அரண்மனைச் சுவரேனும் காத்தது என்று அமைதலே இப்போதைக்கு இயலும். கூடத்துட் புகுவோர் பலர் தம்மையறியாது கைகுவித்து நிற்றலுங் கண்கூடு.

மதுரையில் இராணி மங்கம்மாளின் பெயரோடு வழங்கும் தமுக்கம் அரண்மனை, ஆங்கிலேயர் காலத்து மாவட்டத் தலைவர் உறையுளாயிருந்தது. விடுதலைக்குப்பின் அது காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட, 1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 15இல் நேரு அதனைத் திறந்துவைத்தார். அரசி வாழ்ந்ததும் அயலார் ஆண்டதுமாகிய அம்மாளிகையில், காந்தியடிகள் வீழ்ந்த நாளில் உடுத்திருந்த குருதி தோய்ந்த ஆடை வைக்கப்பெற்றுள்ளது.