இரண்டு வருடப் படிப்பும் ஐந்தரை லட்சம் நோயாளிகளும்

1/ "ரெண்டு வருஷம் படிச்சவங்க மனநல சிகிச்சையில என்ன பண்ணிட முடியும் டாக்டர்?" அடிக்கடி கேட்கிறீங்க. அமெரிக்காவில் அறுபது வருடம் முன்பே எழுந்த கேள்வி இது. அந்தக் கதையைச் சொல்றேன்.

2/ 1955. அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் மட்டும் சுமார் 5,59,000 பேர் இருந்தாங்க. பலர் வருடக்கணக்கில் உள்ளேயே. அதற்கு முந்தைய வருடம்தான் குளோர்ப்ரோமசின் மருந்து அங்கே அனுமதி பெற்றது. மனச்சிதைவு நோயாளிகள் பலருக்குக் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. இவங்களை வீட்டுக்கு அனுப்பலாமே என்ற நம்பிக்கை வந்தது.

3/ ஜனாதிபதி கென்னடிக்கு இது சொந்த வலி. தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல் லோபாட்டமி எனும் மூளை அறுவை சிகிச்சை செய்தாங்க. அதன்பின் வாழ்நாள் முழுக்க அவரை மற்றவர்கள்தான் பராமரிக்க வேண்டியிருந்தது. 1963 அக்டோபர் 31-ல் சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கென்னடி கையெழுத்திட்டார். மூன்று வாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

4/ சட்டம் வந்தாச்சு. வேலை பார்க்க ஆள்? உளவியலாளர் ஜார்ஜ் ஆல்பி 1959-லேயே எச்சரித்திருந்தார்: தேவைக்கேற்ற மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் சமூகப் பணியாளர்களையும் நம்மால் உருவாக்கவே முடியாது.

5/ 1960-ல் மார்கரெட் ரியோக் ஒரு சோதனை செய்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, நாற்பது வயதை ஒட்டிய எட்டுப் பெண்கள். இரண்டு வருடப் பகுதிநேரப் பயிற்சி. வெளி நிபுணர்கள் மதிப்பிட்டபோது, ஆலோசகர்களாக நல்லாவே செய்றாங்கன்னு தெரிஞ்சது.

6/ 1960-களின் நடுவில் ஃபோர்ட் வெய்னில் பர்டூ பல்கலைக்கழகம் மனநலப் பணியாளர்களுக்கு இரண்டு வருடப் படிப்பு தொடங்கியது. தென் மாநிலங்களில் டாக்டர் ஹரால்ட் மெக்ஃபீட்டர்ஸ் இதை கம்யூனிட்டி காலேஜ்களுக்குக் கொண்டுபோனார். கம்யூனிட்டி காலேஜ் என்றால் உள்ளூர்லயே இருக்கும், கட்டணம் குறைவு, வேலைக்குப் போறவங்களும் படிக்கலாம்.

7/ என்ன சொல்லித் தந்தாங்க? நோயாளியிடம் பேசுவது, குழுவை நடத்துவது, நெருக்கடியில் கைகொடுப்பது, வேலை, வீடு, உதவித்தொகைக்கு வழிகாட்டுவது. கூடவே களப்பயிற்சி.

8/ ஆனா முழுசா ஜெயிச்ச கதை இல்லை இது. திட்டமிட்ட 1,500 மையங்களில் பாதி அளவே வந்தது. 1981-ல் மத்திய அரசு தன் நேரடிப் பொறுப்பைக் கைகழுவி, பணத்தைச் சுருக்கி மாநிலங்களிடம் கொடுத்தது. மருத்துவமனையை விட்டு வந்த பலர் தெருவிலும் சிறையிலும் முடிந்தாங்க. மருந்து இருந்தது. கூட இருந்து பார்த்துக்க ஆள் போதலை.

9/ நான் பத்து நிமிஷத்துல மாத்திரை எழுதிடுவேன். அவர் அதைச் சாப்பிடுறாரா, தூங்குறாரா, வேலைக்குப் போறாரா, அவங்கம்மா தாங்குறாங்களான்னு பார்க்க இன்னொருத்தர் வேணும். நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளை இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டா, "இதெல்லாம் ஒரு படிப்பா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.