டோப்பா கழன்ற பிறகு

பெண் வேடத்தில் அந்தர வித்தை காட்டிய பார்பெட்டைப் பற்றி எழுதியவர்களில் பலர் பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோவின் கண்ணால்தான் அவரைப் பார்த்தார்கள். ஆணா, பெண்ணா என்ற புதிரே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் டெக்சாஸின் ரவுண்ட் ராக் என்ற சிற்றூரில், கொல்லையில் துணி உலர்த்தும் கம்பிமீது நடந்து பழகிய, பின்னாளில் பார்பெட் ஆன, வாண்டர் கிளைட் என்ற பையனுக்குப் பெண் வேடம் பிழைப்பாகத்தான் வந்து சேர்ந்தது. அல்ஃபரெட்டா சகோதரிகள் என்ற பெயரில் பார் விளையாடிய இருவரில் ஒருத்தி இறந்துவிட, மற்றவள் சான் அன்டோனியோவில் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். பெண் உடையில் விழுந்து எழுந்தால் வித்தை எடுபடும், பாவாடை கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டாள். கிளைட் சம்மதித்தார். அதே உயரம், அதே பிடி. ஆண் செய்தால் ‘பலே’, பெண் செய்தால் ‘ஐயோ’. கூட்டத்தின் இந்த ஓரவஞ்சனையைக் காசாக்கும் கணக்கு அது. பார்பெட்டின் கலை முழுவதும் அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது என்பதே என் கட்சி.

1919இல் நியூயார்க்கின் ஹார்லெம் ஆப்பரா ஹவுஸில் தனியாக மேடையேறியவர், 1923இல் ஐரோப்பாவுக்குப் போனார். தீக்கோழி இறகு வைத்த நீண்ட கவுனில் ஒயிலாக வந்து, அதைக் கழற்றிவிட்டுக் கம்பியிலும் வளையத்திலும் பாரிலும் விளையாடுவார். பாரிலிருந்து நழுவி விழுவதுபோல் விழுந்து, கணுக்காலால் தொங்குவார், அரங்கமே அலறும். கடைசியில், கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போது டோப்பாவைக் கழற்றுவார். ‘ஐயோ’ என்று பதறியவர்கள் தாங்கள் எதற்குப் பதறினோம் என்று விழிக்க வேண்டியதுதான்.

இதில் புதுமை என்ன, 1870களில் லண்டனைக் கலக்கிய பார் விளையாட்டுக்காரி லூலுவும் ஆண்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் லூலுவின் பிழைப்பு ரகசியத்தைக் காப்பதில் இருந்தது. உண்மை வெளியானது அவருக்குச் சங்கடம். பார்பெட் ஒவ்வொரு இரவும் தானே அதை உடைத்தார். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: 1926இல் காக்தோ எழுதிய கட்டுரையும் புகைப்படக் கலைஞர் மேன் ரே எடுத்த படங்களும் இல்லாவிட்டால் இவரை யார் நினைத்திருப்பார்கள்? புகழ் நீடித்ததற்குக் காக்தோ காரணம் என்பதை மறுக்க முடியாது. டோப்பா போனபின் தோளைக் குலுக்கிக் காட்டும் ஆண்பிள்ளைத்தனமும் நடிப்பே என்று கண்டுகொண்டவரும் அவரே. அது கூர்மையான பார்வை. என்றாலும், 1930இல் தன் திரைப்படத்தில் பார்பெட்டை அவர் கவுனோடு மாடத்தில் உட்காரவைத்துக் கைதட்டத்தான் விட்டார். கம்பிக்கு அங்கே வேலையே இல்லை.

1930களின் இறுதியில் நோய் பார்பெட்டின் மூட்டுகளை முடக்கியது. வேடம் மட்டுமே முதல் என்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவரோ ரிங்ளிங் சர்க்கஸில் அந்தர விளையாட்டுக்காரர்களுக்கு வாத்தியாரானார். 1959இல் வந்த ‘சம் லைக் இட் ஹாட்’ படத்துக்காக டோனி கர்டிஸுக்கும் ஜாக் லெமனுக்கும் பெண்போல் நடக்கக் கற்றுக்கொடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். இடுப்பு, தோள், பாதம் என்று பிரித்துச் சொல்லித்தரக்கூடிய பாடமாக அது அவரிடம் இருந்தது.